விசா கையில் இருந்தும் விமான நிலையத்தில் மறுப்பு: சட்டம் என்ன சொல்கிறது?

ஆரையம்பதி_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இதைப் பேசிப் பேசியே களைத்துப் போனோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தப்பாவின் மகளுடைய கல்யாணத்துக்குப் போக என் தம்பி இங்கிலாந்து விசிட் விசா எடுத்தான். அழைப்புக் கடிதம், வங்கிக் கூற்று, வேலைத்தளத்து லீவுக் கடிதம் எல்லாமே உண்மையானவை. அங்கே இறங்கியதும் குடிவரவு அதிகாரி கேள்வி கேட்டிருக்கிறார். பிறகு தனி அறைக்குக் கூட்டிப்போய் பையையும் போனையும் பார்த்திருக்கிறார்கள். போனில் ஒரு கூட்டாளி அனுப்பிய செய்தி: "வந்ததும் சொல்லு, எங்கட கடைக்கு ஆள் தேவை." அதற்கு இவன் "ஓம் மச்சான், பாப்பம்" என்று போட்டிருந்தான். அவ்வளவுதான். திரும்பிப் போகும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ஊரில் "கள்ளப் பாஸ்போட்டாம்" என்று கதை கட்டிவிட்டார்கள்.

விசா கொடுத்த நாடே வாசலில் வைத்து மறுக்கலாமா? எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இன்னொன்று. அக்கா கனடாவில் இருக்கிறா, அவவுக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது. அம்மாவும் தம்பியும் போக விண்ணப்பிக்க வேண்டும். டவுனில் ஒரு ஏஜென்சிக்காரர், "புதுப் பாஸ்போட் எடுங்க. வேறு நாடு மறுத்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போடுவோம், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அம்மாவுக்கு அது சரியாகப் படுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

கோட்டைமுனை_சுதா எழுதியது:

அநியாயம். காசு கட்டி, கைரேகை கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த விசா. கொடுத்தபிறகு மறுப்பது ஒப்பந்தத்தை மீறுவதுதானே? ஒரு நல்ல லோயரைப் பிடித்து வழக்குப் போடுங்கள். எங்கட ஆட்கள் எப்பவும் வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவதால்தான் அவர்கள் இப்படிச் செய்கிறார்கள்.

வாவிக்கரை எழுதியது:

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், வாசலில் மறுக்கப்படுவது குற்றம் இல்லை. பிள்ளை மீது வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. ஊர்க்கதையைக் காதில் போட வேண்டாம்.

நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணிகளுக்காகக் குடிவரவுக் கோப்புகளை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். அதில் கண்டதையும் படித்ததையும் எழுதுகிறேன்.

சுதா சொல்வது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக நீதிமன்றங்கள் வேறு மாதிரித்தான் சொல்லி வருகின்றன. 1888 இல் சீனர் ஒருவர் கப்பலில் மெல்பேர்ணுக்கு வந்தார், அவரை இறங்கவிடவில்லை. வழக்குப் போட்டு விக்டோரியா நீதிமன்றத்தில் வென்றார். அரசு, பேரரசின் கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1891 இல் வந்த தீர்ப்பு, பிற நாட்டவர் ஒருவருக்குப் பிரித்தானிய மண்ணில் நுழைய நீதிமன்றம் நிலைநாட்டித் தரக்கூடிய உரிமை எதுவும் இல்லை என்றது. மறு வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், சான் பிரான்சிஸ்கோவில் தடுக்கப்பட்ட ஜப்பானியப் பெண் ஒருவரின் வழக்கில், யாரை உள்ளே விடுவது என்பது நாட்டின் இறைமையோடு பிறந்த அதிகாரம் என்று தீர்த்தது. மனித உரிமை உடன்படிக்கைகள் வந்த பிறகும் இந்த அடித்தளம் மாறவில்லை. ஐ.நா. மனித உரிமைகள் குழு 1986 இல் எழுதிய விளக்கத்திலும், குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கை பிற நாட்டவருக்கு நுழையும் உரிமையைத் தரவில்லை என்றுதான் இருக்கிறது. சொந்த நாட்டுக்குள் வரும் உரிமைதான் அதில் உண்டு.

விசாவை நாங்கள் நுழைவு உத்தரவாக நினைக்கிறோம். பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் அது வாசல்வரை பயணம் செய்து வந்து அனுமதி கேட்பதற்கான தாள். வாசலில் நிற்கும் அதிகாரி மறுபடி பார்க்கலாம். பிரித்தானியாவில் 1971 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. விசா எடுத்தபின் நிலைமை மாறியிருந்தாலோ, பொய் சொல்லி எடுத்தது தெரிந்தாலோ, வருகிற நோக்கம் விசாவில் சொன்ன நோக்கம் இல்லை என்று பட்டாலோ, அங்கேயே ரத்துச் செய்யலாம். விசிட் விசாவில் வேலை செய்யக்கூடாது. "கடைக்கு ஆள் தேவை" என்ற செய்தியும் "பாப்பம்" என்ற பதிலும் அந்த அதிகாரியின் கண்ணுக்கு நோக்கம் மாறியதற்கான சாட்சி. உங்கள் தம்பி மரியாதைக்குத்தான் அப்படிப் பதில் போட்டான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது.

இப்போது முக்கியமான கேள்வி. கையில் கொடுத்துவிட்ட மறுப்புத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? "உண்மையான வருகையாளர் என்று நான் திருப்தியடையவில்லை" என்றிருக்கிறதா, "ஏமாற்று" அல்லது "பொய்யான தகவல்" என்ற சொல் இருக்கிறதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதலாவது அந்தப் பயணத்தோடு போகும். அதற்கென்று தடைக்காலம் கிடையாது, மறுபடி விண்ணப்பிக்கலாம். இரண்டாவது என்றால் பிரித்தானியக் குடிவரவு விதிகளின் ஒன்பதாம் பகுதிப்படி பத்து வருடம் வரை கதவு மூடியிருக்கும். ஆனால் ஏமாற்று என்று எழுத அதிகாரிக்குச் சந்தேகம் போதாது. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டிய சுமை அவர் தலையில்.

தாளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஏஜென்சி விசயத்துக்குப் பிறகு வருகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.

மருதமுனை_தறி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். வாவிக்கரை காக்கா, நல்ல விளக்கம். எங்கட பக்கம் ஆட்கள் அதிகம் போவது வளைகுடாவுக்கு. அங்கே மெடிக்கலில்தான் கூடுதலாக விழுகிறார்கள். எங்கள் மச்சான் ஒருவருக்கு நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு. மருந்து எடுத்து முழுதாகக் குணமாகி எவ்வளவோ காலம். ஆனாலும் "அன்ஃபிட்". பெண்சாதியின் நகையை அடகு வைத்து டிக்கட் காசு கட்டியிருந்தார். இதையும் சட்டக் காரணம் என்றுதான் சொல்வார்களா? குணமான நோய்க்கும் தண்டனையா?

வாவிக்கரை எழுதியது:

வஅலைக்குமுஸ்ஸலாம். ஓம் தம்பி, உலகில் மிகப் பழைய மறுப்புக் காரணங்களில் உடல்நலமும் ஒன்று. கப்பல் காலத்தில் கொள்ளைநோய்க்குப் பயந்து எழுதியது. வளைகுடா நாடுகள் தாங்கள் அங்கீகரித்த மெடிக்கல் நிலையங்களில் காசநோய், ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. முதலியவற்றைப் பார்க்கின்றன. பழைய தழும்பையும் பல இடங்களில் நோயாகவே கணக்கெடுக்கிறார்கள். மருத்துவப்படி அது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். குணமான மனிதரால் யாருக்கும் தொற்று இல்லை.

இந்தக் காரணங்கள் கல்லில் வெட்டியவை இல்லை. அமெரிக்கா எச்.ஐ.வி. உள்ளவர்களை உள்ளே விடாமல் இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தது, 2010 ஜனவரியில்தான் நீக்கியது. கனடாவில் தொற்றைத் தவிர இன்னொரு வகையும் உண்டு. வருகிறவரின் வைத்தியச் செலவு அங்குள்ள மருத்துவ, சமூக சேவைகளுக்கு அளவுக்கு மீறிய சுமையாகும் என்றால் மறுக்கலாம். அங்கவீனமான பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. எவ்வளவு செலவு வரை சுமை இல்லை என்ற வரம்பை 2018 இல் மூன்று மடங்காகக் கூட்டினார்கள். ஸ்பொன்சரில் வரும் கணவன், மனைவி, சிறுபிள்ளைகளுக்கும் அகதிகளுக்கும் இந்தச் சுமைக் கணக்கு பொருந்தாது.

மச்சானுக்கு என் யோசனை ஒன்றுதான். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நெஞ்சுநோய்ச் சிகிச்சை நிலையத்தில் எடுத்த முழு மருந்துப் பதிவையும், சளிப் பரிசோதனை முடிவையும், பழைய எக்ஸ்ரேயையும் சேர்த்து வைத்திருக்கச் சொல்லுங்கள். வளைகுடா மறுத்தாலும் வேறு நாடுகள் இந்தப் பதிவைப் பார்த்து ஏற்றுக்கொள்கின்றன. அத்தோடு, மெடிக்கல் முடிவு கையில் வரும் முன் டிக்கட்டுக்கோ ஏஜென்சிக்கோ காசு கட்டவேண்டாம். நகை போன வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அறுகம்பை_அலை எழுதியது:

பொத்துவிலில் இருந்து எழுதுகிறேன். மற்ற நாடுகள் எங்களை மறுப்பதைப் பற்றியே பேசுகிறோம். இங்கே வருகிறவர்களை நம்ம நாடு எந்தச் சட்டத்தில் மறுக்கிறது? சீசன் தொடங்கினால் சுற்றுலா விசாவில் வந்தவர்கள் சேர்ஃபிங் வகுப்பு நடத்துகிறார்கள், இடம் குத்தகைக்கு எடுத்து உணவகம் போடுகிறார்கள். இங்குள்ள பொடியன்கள் சங்கத்தில் பதிந்து, உயிர்காப்புப் பயிற்சி எடுத்து, வரி கட்டிச் செய்கிற தொழில். போன நாட்டில் எங்கள் ஆள் ஒரு "பாப்பம்" சொன்னதற்குத் திரும்பி வருகிறான். இங்கே முழு சீசனும் வேலை செய்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி வருகிறார்கள்.

எந்த நாட்டு மக்கள் மீதும் எனக்குக் கோபமில்லை, விருந்தினர்களால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

காரைதீவு_டீச்சர் எழுதியது:

தம்பி அலை, நல்ல கேள்வி. எங்கள் நாட்டில் இதற்கு அடிப்படை 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம். சுதந்திரம் கிடைத்த வருடத்தில் எழுதியது, திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தன்னையும் தன்னில் தங்கியிருப்பவர்களையும் தாபரிக்க வசதி இல்லாதவர், மருத்துவக் காரணத்தால் ஏற்க முடியாதவர், வெளிநாட்டில் பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், கப்பலில் ஒளித்து வந்தவர் என்று மறுக்கக்கூடியவர்களை அது சொல்கிறது. மற்ற நாட்டுச் சட்டங்களைப் படித்தாலும் இந்த வரிசைதான் சின்னச் சின்ன வித்தியாசத்தோடு வரும். விசா நிபந்தனையை மீறித் தொழில் செய்கிறவரை வெளியேற்றவும் அதே சட்டத்தில் அதிகாரம் உண்டு. சட்டம் இருக்கிறது, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து அறுகம்பை வரை அதைப் பார்க்க ஆளில்லை என்பதே குறை. பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், திகதியும் இடமும் குறித்து.

ஆனால் இந்த அதிகாரம் எங்கே வழுக்கும் என்பதற்கும் எங்கள் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் நயோமி கோல்மன் என்ற பிரித்தானியத் தாதி கட்டுநாயக்கவில் இறங்கினார். கையில் தாமரையில் அமர்ந்த புத்தரின் பச்சை குத்தியிருந்தார். பௌத்தத்தில் பற்று வைத்துக் குத்தியது. கைது செய்து, நீதவான் முன் நிறுத்தி, தடுத்து வைத்து, நாடு கடத்தினார்கள். அவர் சும்மா விடவில்லை, அடிப்படை உரிமை மனுப் போட்டார். 2017 நவம்பரில் எங்கள் உயர் நீதிமன்றம் அவர் உரிமை மீறப்பட்டது என்று தீர்த்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

சுதா, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை உரிமைகளைப் பிரஜைகளுக்குத் தருகிறது, நாட்டுக்குத் திரும்பி வரும் உரிமையும் அதில்தான் இருக்கிறது. 12(1) சமத்துவத்தை "எல்லா ஆட்களுக்கும்" தருகிறது. சித்திரவதைக்கும் சட்டமில்லாத கைதுக்கும் எதிரான பாதுகாப்பும் எல்லா ஆட்களுக்குமே. நுழையும் உரிமை வெளிநாட்டவருக்கு இல்லாவிட்டாலும், வாசலில் நிற்கும்போது மனிதராக நடத்தப்படும் உரிமை உண்டு. சட்டத்தில் இல்லாத காரணத்துக்குப் பிடித்து வைத்தால் அதற்கு யாரோ பதில் சொல்ல வேண்டும். நயோமி கோல்மன் வென்றது அந்த இடத்தில்தான்.

கோட்டைமுனை_சுதா எழுதியது:

டீச்சர், சட்டம் அழகாக எழுதியிருக்கலாம். யாரிடம் எப்படிப் பாவிக்கிறார்கள் என்பதுதான் என் கோபம். அவுஸ்திரேலியாவில் 1901 முதல் 1958 வரை சொல்வதெழுதல் பரீட்சை என்று ஒன்று வைத்திருந்தார்கள். சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனால் வேண்டாதவருக்குத் தெரியாத மொழியில் ஐம்பது சொல் வாசிப்பார்கள். எழுத முடியாவிட்டால் வெளியே. 1934 இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளருக்குப் பல மொழி தெரியும் என்று தெரிந்து ஸ்கொட்லாந்து கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள். கடைசியில் அது சட்டம் சொல்கிற ஐரோப்பிய மொழியில் சேராது என்று உயர் நீதிமன்றம் தள்ளியது. 1914 இல் இந்தியர்கள் வந்த கொமகாட்டா மாரு கப்பலைக் கனடாவின் வன்கூவரில் நிறுத்தி, 376 பேரில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்களே, அதற்குக் காட்டிய காரணம் என்ன? பிறந்த நாட்டில் இருந்து இடைநில்லாமல் ஒரே பயணமாக வரவில்லை என்பது. இந்தியாவில் இருந்து அப்படிக் கப்பலே இல்லாத காலம். 2016 இல் மன்னிப்புக் கேட்டார்கள், நூறு வருடத்துக்குப் பிறகு.

இன்றைக்கு "திருப்தியடையவில்லை" என்கிற சொல் அந்தப் பரீட்சையின் வேலையைத்தான் செய்கிறது. எங்கட பொடியன்களின் போனைத் திறக்கிற அளவுக்கு வேறு யாருடைய போனைத் திறக்கிறார்கள்?

வாவிக்கரை எழுதியது:

சுதா, இந்த இடத்தில் உங்களோடு எனக்கு வாதமில்லை. "திருப்தி" என்பது அதிகாரியின் மனதுக்குள் இருக்கும் விசயம், அதனால்தான் ஆபத்து. அமெரிக்க விசிட் விசாவில் இது இன்னும் வெளிப்படை. விண்ணப்பிக்கிற எவரும் அங்கேயே தங்க வருகிறார் என்றே சட்டம் முதலில் வைத்துக்கொள்ளும். 214(பி) என்ற அந்தப் பிரிவைத் தாண்டுவது நம் பொறுப்பு. தூதரக அதிகாரி மறுத்தால் அமெரிக்க நீதிமன்றம் பெரும்பாலும் உள்ளே எட்டிப் பார்க்காது. மனைவி அமெரிக்கப் பிரஜையாக இருந்தும், கணவனின் விசா மறுப்பைக் கேள்வி கேட்க அவருக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்று 2024 ஜூனில் தீர்ப்பு வந்தது.

ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் இதில் கொஞ்சம் ஒழுங்கு. எல்லையில் மறுத்தால் எல்லா நாட்டிலும் ஒரே படிவம். ஆங்கில எழுத்துப் போட்ட காரணங்களில் எது என்று அடையாளம் இட்டுக் கையில் தரவேண்டும். செல்லுபடியான பயணப் பத்திரம் இல்லை, விசா இல்லை, பயண நோக்கத்துக்கு ஆதாரம் இல்லை, 180 நாளில் 90 நாள் முடிந்தது, செலவுக்குப் பணம் இல்லை, அந்த நாடுகளின் பொதுத் தகவல் முறைமையில் தடைக்குறிப்பு இருக்கிறது, பொது ஒழுங்குக்கு ஆபத்து என்று போகும். மேன்முறையீட்டு உரிமையும் அதே தாளில் எழுதியிருக்கும். சுவிஸுக்குப் போய்த் திரும்பி வந்த எங்கட ஆட்கள் பலர் அந்தத் தாளைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து கிழிக்காதீர்கள், பிறகு வாதாட இருக்கும் ஒரே எழுத்து அதுதான்.

டொரன்டோ_களுதாவளை எழுதியது:

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே 2001 ஆம் ஆண்டுக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம். 34 ஆம் பிரிவில் இருந்து 42 வரை வாசித்தால் மறுக்கும் காரணங்கள் முழுதும் வந்துவிடும். பாதுகாப்பு, மனித உரிமை மீறல், குற்றம், ஒழுங்கமைந்த குற்றம், உடல்நலம், பணம், பொய்த்தகவல் என்று. குற்றத்தில் எங்கட ஆட்கள் கவனிக்காத ஒன்று, குடித்துவிட்டு வாகனம் ஓட்டியது. 2018 டிசம்பரில் இருந்து அது இங்கே பத்து வருடம் வரை தண்டிக்கக்கூடிய குற்றம், அதனால் வெளிநாட்டில் அதற்குக் குற்றவாளியானவரையும் பாரதூரமான குற்றவாளி வரிசையில் நிறுத்தும். தண்டப்பணம் கட்டி முடித்துவிட்டேன் என்பது பதில் ஆகாது.

நான் மனம்விட்டு எழுத நினைத்தது 34 ஆம் பிரிவைப் பற்றி. பயங்கரவாதத்தில் ஈடுபட்ட அமைப்பின் உறுப்பினர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும், மறுக்கலாம். குற்ற வழக்குப்போல நிரூபிக்கத் தேவையில்லை. "உறுப்பினர்" என்பதையும் நீதிமன்றங்கள் அகலமாகத்தான் வாசிக்கின்றன. விடுதலைப் புலிகளைக் கனடா 2006 இல் தடை செய்தது. அமெரிக்கா 1997 இலேயே. அமெரிக்கச் சட்டம் இன்னும் கடினம். தடைசெய்த அமைப்புக்குப் பொருள் உதவி செய்தவர் என்றால் கதவு மூடும். பயமுறுத்தி வாங்கினார்கள் என்பதற்குச் சட்டத்திலேயே விலக்கு எழுதப்படவில்லை, அரசு விரும்பினால் ஆளுக்கு ஆள் விலக்குக் கொடுக்கலாம்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் யுத்த காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எப்படி விளங்கும்? இரவில் துவக்கோடு வந்து கதவைத் தட்டினால் எந்தத் தாய் சோறு இல்லை என்று சொல்வாள்? வந்தவன் எந்தப் பக்கத்தவன் என்று கேட்கவா முடியும்? நெல்மூட்டை கொடுத்தவன், டிராக்டரைக் கொடுத்தவன், பிள்ளையையே பறிகொடுத்தவன் எல்லோரும் இன்று ஒரு படிவத்தின் முன்னால் இருந்து "எந்த அமைப்புக்காவது உதவி செய்தீர்களா" என்ற கேள்விக்கு முழிக்கிறார்கள். இதற்கு நல்ல சட்டத்தரணியோடு இருந்து, நடந்ததை நடந்தபடி, கட்டாயம் எப்படி வந்தது என்பதோடு சொல்ல வேண்டும். மறைத்தால் 40 ஆம் பிரிவு, பொய்த்தகவல், ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது.

நீதி கிடைக்கவே கிடைக்காது என்றும் சொல்லமாட்டேன். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர் இங்கே வந்தார்கள். கப்பலில் சமைத்தவர், காவல் இருந்தவர், இயந்திரம் பார்த்தவர் எல்லோரையும் ஆட்கடத்தல்காரர் என்று 37 ஆம் பிரிவில் அடைக்கப் பார்த்தார்கள். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தாங்களும் தப்பி வரும் வழியில் ஒருவருக்கொருவர் உதவியவர்களை அப்படி மறுக்க முடியாது, நிதியோ வேறு பொருள் இலாபமோ தேடி, ஒழுங்கமைந்த குற்றத்தின் பாகமாகச் செய்தவரையே அந்தப் பிரிவு குறிக்கும் என்று தீர்த்தது. சூப் காய்ச்சிக் கொடுத்தவரைக் கடத்தல்காரர் ஆக்கக்கூடாது என்பதை நிறுவ ஐந்து வருடம் போனது.

இன்னொரு வேதனை. நான் கனடாப் பிரஜை ஆனதும், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டப்படி என் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை. ஆகவே களுதாவளைக்கு வருவதென்றால் நானும் டீச்சர் சொன்ன 1948 சட்டத்தின் முன்னால் நிற்கும் வெளிநாட்டவன். 2014 மார்ச்சில் இலங்கை அரசு பயங்கரவாதத் தொடர்பு என்று 16 அமைப்புகளையும் 424 பேரையும் வர்த்தமானியில் பட்டியலிட்டபோது, பெயர் ஒத்துப்போய்விடுமோ என்று பயந்து தாய் தகப்பன் சாவுக்குக்கூட வராதவர்களை எனக்குத் தெரியும்.

காரைதீவு_டீச்சர் எழுதியது:

களுதாவளைத் தம்பி, வாசிக்கக் கண் கலங்கியது.

உயிருக்கு ஆபத்து என்று வாசலுக்கு வருகிறவர் விசயத்தில் மறுக்கும் அதிகாரத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதையும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். 1951 அகதிகள் சமவாயத்தின் 33 ஆம் உறுப்புரைப்படி, துன்புறுத்தப்படும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. இலங்கை அதில் ஒப்பமிடவில்லை. ஆனால் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் 1994 முதல் இருக்கிறது, அதன் 3 ஆம் உறுப்புரையும் சித்திரவதை நடக்கக்கூடிய இடத்துக்கு அனுப்பத் தடை போடுகிறது. 2024 டிசம்பரில் ரோஹிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் படகில் முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது, கடவுச்சீட்டு எங்கே என்று அந்த ஊர்ச் சனம் கேட்கவில்லை. தண்ணீரும் சாப்பாடும் கொண்டு ஓடினார்கள். கடல் வழியாகப் போய் வேறு கரையில் நின்றவர்களின் சொந்தக்காரர்கள் நாங்கள். இந்த விசயத்தில் எங்கள் அரசு மற்ற நாடுகளைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

நகர்_அனுபவம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நடைமுறையைச் சொல்கிறேன். "இல்லை" என்று போட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர் இன்று பிஆரும் (நிரந்தர வதிவிடம்) எடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னவன்தான் இங்கே நிற்கிறான். ஏஜென்சிக்காரர் சொல்வதில் பிழையில்லை, தம்பி.

வாவிக்கரை எழுதியது:

நகர்_அனுபவம் எழுதியதை இந்தப் பிள்ளைகள் நம்பிவிடக்கூடாது, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

கனடா, பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுக் கைரேகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கின்றன. புதுப் பாஸ்போட்டில் எண் மாறும், விரல் மாறாது. உங்கள் தம்பி பிரித்தானிய விசாவுக்குக் கொடுத்த அதே விரலைத்தான் கனடா விசாவுக்கும் கொடுக்கப் போகிறான். "எந்த நாடாவது விசா மறுத்ததா, நுழைவு மறுத்ததா, வெளியேறச் சொன்னதா" என்று படிவம் நேராகவே கேட்கிறது. அதற்கு "இல்லை" என்று எழுதினால், இதுவரை எந்தப் பொய்யும் சொல்லாத பிள்ளை முதல்முறையாகப் பொய் சொன்னவன் ஆகிறான். வாசலில் ஒரு மறுப்பு என்பது விளக்கக்கூடிய விசயம். பொய்த்தகவல் என்று ஒருமுறை பதிவானால் ஐந்து வருடம். அவுஸ்திரேலியாவில் பொய்ப் பத்திரத்துக்கு மூன்று வருடம், அடையாளத்தில் பொய் என்றால் பத்து. அமெரிக்காவில் அதற்குக் கால எல்லையே இல்லை, விலக்குக் கிடைத்தாலொழிய ஆயுள் முழுதும்.

"தப்பிப் போனவர்கள்" பற்றி. பிஆர் கிடைத்ததோடு அது முடிவதில்லை. பொய்யில் எடுத்த நிரந்தர வதிவிடத்தையும் பிரஜாவுரிமையையும் கனடா பின்னாளில் பறிக்கலாம். வீடு வாங்கி, பிள்ளை படிக்கும் காலத்தில் பழைய படிவத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஏஜென்சிக்காரர் அப்போது போனையே எடுக்கமாட்டார். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, சட்டம் உங்களைத்தான் கேட்கும்.

ஆரையம்பதி_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாளைத் தேடி எடுத்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். "உண்மையான வருகையாளர் என்று திருப்தியடையவில்லை", "நிலைமை மாற்றம்" என்றுதான் இருக்கிறது. ஏமாற்று என்ற சொல் எங்கும் இல்லை. அம்மாவுக்கு அதை வாசித்து விளங்கப்படுத்தினேன். கள்ளப் பாஸ்போட் இல்லை என்று எழுத்திலேயே இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டா.

வாவிக்கரை அண்ணன், இனி எப்படிப் போவது? பிரித்தானியாவில் வழக்குப் போடுவதா, கனடாவுக்கு இப்பவே போடுவதா?

வாவிக்கரை எழுதியது:

நல்ல செய்தி. பிரித்தானியாவில் விசிட் விசாவுக்குச் சாதாரண மேன்முறையீடு இல்லை, குடும்ப வருகைக்கு இருந்ததையும் 2013 ஜூனில் எடுத்துவிட்டார்கள். மனித உரிமைக் காரணமும் இல்லை, நிர்வாக மீளாய்வு கேட்கலாம் என்று மறுப்புத் தாளிலும் இல்லை என்றால் மீதி நீதிமன்றத்தில் கேட்கும் நீதிமுறை மீளாய்வுதான். அதற்கு ஆகும் செலவு உங்கள் வீட்டு நிலைக்குப் பெறுமதியில்லை, கல்யாணமும் முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் வைத்திருக்கும் பதிவைத் தனிநபர் தரவுச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். பொதுவாக இலவசம். நேர்காணலில் என்ன கேட்டார்கள், இவன் என்ன சொன்னான், எதை எழுதி வைத்தார்கள் என்பது அதில் வரும். கனடாப் படிவத்தில் நீங்கள் சொல்வது அதோடு ஒத்துப்போக வேண்டும்.

கனடாவுக்கு அம்மாவின் விண்ணப்பத்தையும் தம்பியினதையும் பிரித்துப் போடுங்கள். பிள்ளைப்பேற்றுக்குத் தேவையானது அம்மா. அவவுக்கு மறுப்பு எதுவும் இல்லை, பென்ஷனும் வீட்டு உறுதியும் இருந்தால் வலுவான கோப்பு. தம்பி "ஆம்" என்று அடையாளமிட்டு, மறுப்புத் தாளின் பிரதியோடு ஒரு பக்கக் கடிதம் வைக்கட்டும். போனில் வந்த செய்தி என்ன, தான் ஏன் அப்படிப் பதில் போட்டான், இங்கே என்ன வேலை, லீவு முடிந்து எப்போது திரும்ப வேண்டும் என்பதை நேராக எழுதினால் போதும். கெஞ்ச வேண்டாம், அழுகைக் கதையும் வேண்டாம். கனடாவும் மறுத்தால் அக்கா அங்கிருந்தபடி, தம்பியின் சம்மதத்தோடு ஐந்து டொலர் கட்டித் தகவல் அறியும் சட்டத்தில் அதிகாரியின் குறிப்பைக் கேட்கலாம். வெளிநாட்டில் எடுத்த முடிவுக்கு எதிராகச் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் இருக்கிறது. குறிப்பு வரும்வரை காத்திருந்து அந்த நாளை விட்டுவிடாதீர்கள்.

அந்த ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போட் இருக்கிறதா?

ஆரையம்பதி_தம்பி எழுதியது:

அம்மாவின் பாஸ்போட் கொடுத்திருந்தோம். இன்று போய்த் திருப்பி வாங்கினேன். "பிறகு என்னிடம் வரவேண்டாம்" என்று கத்தினார், கட்டிய முற்பணத்தைத் தரவில்லை. பற்றுச்சீட்டு இருக்கிறது. அதை எங்கே முறையிடுவது?

காரைதீவு_டீச்சர் எழுதியது:

விசிட் விசா என்பதால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் எடுக்கமாட்டார்கள். பொலிஸில் எழுத்துமூல முறைப்பாடு கொடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொகை சிறியதென்றால் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள், அங்கே செலவில்லாமல் முடியும். கடிதத்தின் வரைவை இங்கே போடுங்கள், பெயரும் பாஸ்போட் இலக்கமும் இல்லாமல். நாங்கள் பார்த்துத் தருகிறோம்.